அம்பாசடர் மார்க் 4 (1986): இன்ஜின் பின்பக்க ஆயில் கசிவும் பின்சக்கரத்தில் ஈரமும்

கானாடுகாத்தான்_மார்க்4

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டில், அப்பச்சி 1986-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்தான், டீசலுக்கு மாற்றவில்லை. நாங்கள் சென்னையில் இருப்பதால் பொங்கல், படைப்பு (முன்னோர் வழிபாடு), உறவுத் திருமணங்கள் என ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான் வண்டி வெளியே வருகிறது.

இந்த முறை வந்தபோது, வண்டி நிற்கும் இடத்தில் ஆத்தங்குடிக் கல் தரையில் தாம்பாளம் அளவுக்குக் கறுப்புக் கறை படிந்திருந்தது. ஒரு வாரத்தில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓட்டியதில் அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று. கசிவு இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது. பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். அடியில் குனிந்து பார்த்தவுடன், “பேக் சீல் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், இறக்கும்போதே கிளட்ச் செட்டையும் மாற்றிவிடலாம்” என்றார்கள். செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் 38 ஆண்டுகளாக இறக்காத இன்ஜினை இறக்குவதற்கு முன்பு, அது உண்மையிலேயே தேவைதானா என்பதை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

தேவகோட்டை_பட்டறை

தம்பி, இறக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்கிறேன். தேவைப்பட்டால் பிறகு நானே இறக்கச் சொல்வேன்.

கசிவு எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் பிறக்கிறது என்று கொள்ளக்கூடாது. ஓடும் வண்டியில் ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் ஆயிலைப் பின்னால் தள்ளும். நின்றால் அது தாழ்வான இடம் தேடி வழியும். இந்த இன்ஜினில் தாழ்வான இடம் கிளட்ச் ஹவுசிங்கின் அடிப்பக்கம். ஆகவே மேலே இன்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவரில் கசிந்தாலும், பக்கவாட்டை மூடும் தகடான சைடு கவரில் கசிந்தாலும், கடைசியில் நீங்கள் காண்பது அதே இடத்துச் சொட்டுதான்.

முதல் வேலை, வண்டிக்கு அடியில் முன்பம்பர் முதல் பின்பம்பர் வரை வெள்ளை அட்டைகளைப் பரப்பி, சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, ஓர் இரவு முழுக்க விடுங்கள். ஒரு கசிவா, பல கசிவுகளா, ஒரே திரவமா, வெவ்வேறா என்பது காலையில் தெரியும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயிலும் பின் ஆக்ஸில் ஆயிலும் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். கூலன்ட் பச்சையாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். பிரேக் ஆயில் நிறம் குறைவாக, வழுவழுவென்று இருக்கும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

பள்ளத்தூர்_பியட்

ஒரு கேள்வி. வண்டி நிற்கும் தரை எந்தப் பக்கம் சரிவு? நம் ஊர் வீடுகளின் அடித்தளம் உயரம் என்பதால், வாசலில் சரிவு ஏற்றி, மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துவது வழக்கம். அப்படி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பின்பக்கமே தேங்கி நிற்கும்.

கானாடுகாத்தான்_மார்க்4

நீங்கள் கேட்டது சரிதான், அண்ணே. மூக்கு உயர்ந்துதான் நிற்கிறது. இன்று சமதளத்துக்கு நகர்த்திவிட்டேன்.

அட்டையில் இரண்டு இடங்களில் கறை. கிளட்ச் ஹவுசிங்குக்கு நேர் கீழே கறுப்பு இன்ஜின் ஆயில். அதை நான் எதிர்பார்த்தேன். ஆனால் இடப்பக்கப் பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவில் நிறமற்ற ஓர் ஈரம். டயரின் உட்சுவரிலும் வழிந்த தடம் இருக்கிறது.

தேவகோட்டை_பட்டறை

வண்டியை இனி ஓட்டாதீர்கள். காரைக்குடிக்குப் போக வேண்டுமானாலும் பஸ்ஸில் போங்கள்.

இன்ஜின் ஆயில் கசிந்தால் பணம் போகும்; பின்சக்கரத்தில் கசிந்தால் பிரேக் போகும். உங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்), ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் பிரேக் ஆயில் முழுவதும் வெளியேறினால் நான்கிலும் பெடல் தரை தொட்டுவிடும்.

அந்த ஈரம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: சக்கரத்தில் பிரேக்கை விரிக்கும் வீல் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில், அல்லது ஹப் ஆயில் சீல் வழியே வரும் ஆக்ஸில் ஆயில். பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. பஞ்சில் ஒற்றியெடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் அலசுங்கள். நாம் வழக்கமாக ஊற்றும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் கரைந்துவிடும். ஆக்ஸில் ஆயில் கரையாமல் மேலே படலமாக மிதக்கும்.

கானாடுகாத்தான்_மார்க்4

கரைந்துவிட்டது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பட்டறையிலிருந்து ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து டிரம்மைக் கழற்றினோம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கியதும் உள்ளிருந்து ஆயில் வழிந்தது. சிலிண்டரின் உட்சுவரில் துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாகக் குழிகள். உள் வாஷரை மட்டும் மாற்றினால் போதும், சுவரை எமரி பேப்பரால் தேய்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர் சொல்கிறார். போதுமா?

தேவகோட்டை_பட்டறை

போதாது. குழி விழுந்த சுவரில் புது வாஷர் சில வாரங்களில் கிழியும். தேய்த்துக் குழியைப் போக்கினால் சிலிண்டர் அகன்று, வாஷர் சுவரோடு ஒட்டாமல் போகும். சிலிண்டரை முழுதாக மாற்றுங்கள். வலப்பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே காலம், ஒரே ஆயில், ஒரே ஈரத்தில் கிடந்தவை.

நின்ற வண்டியில் இது ஏன் வருகிறது என்றால், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுவதும் அசையாமல் நிற்கும்போது அந்த ஈரம் சிலிண்டரின் அடியில் தங்கி இரும்பை அரிக்கும். நாள்தோறும் ஓடும் வண்டியில் வாஷர் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் இவ்வளவு விரைவில் அரிக்காது. ஈரம் ஏறினால் இன்னொரு கேடும் உண்டு. டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சுபோல் அமுங்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் பட்ட பிரேக் லைனிங்கைச் சுத்தம் செய்து மறுபடி போட வேண்டாம். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் புதிதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ரப்பர் பாகங்களைக் கழுவப் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ தொடாதீர்கள். அவை ரப்பரை உப்ப வைக்கும். பிரேக் ஆயிலிலேயே கழுவலாம். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவான சக்கரத்தில், அதாவது இடப்பக்கப் பின்சக்கரத்தில், தொடங்குங்கள்.

கானாடுகாத்தான்_மார்க்4

வலப்பக்கமும் அதே நிலைதான். இரண்டு வீல் சிலிண்டர்களும், பின் லைனிங்குகளும், விரிசல் விட்டிருந்த பிரேக் ஹோஸும் மாற்றியாயிற்று. பெடல் இப்போது மேலேயே கெட்டியாக நிற்கிறது. அட்டையை மறுபடி பரப்பினேன். பின்சக்கரங்களின் அருகில் ஒரு பொட்டுகூட இல்லை. இனி இன்ஜின் ஆயிலுக்கு வருகிறேன்.

காரைக்குடி_ஆசிரியர்

“பேக் சீல்” என்ற சொல்லைப் பற்றி ஒன்று விளக்க வேண்டியிருக்கிறது. உங்கள் இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் வகை, கிராங்க் ஷாஃப்டைத் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) தாங்கும் மூன்று மெயின் பேரிங் கொண்டது. பிற்கால இன்ஜின்களில் உள்ளதுபோல் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் ஆயில் சீல் இதில் கிடையாது. அதற்குப் பதிலாக, ஷாஃப்டின் பின்முனையிலேயே திருகுபோல மரை வெட்டப்பட்டிருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது, பின்னால் வர முயலும் ஆயிலை அந்த மரை உள்நோக்கித் திருகித் தள்ளிவிடும். உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. இடையில் மயிரிழை இடைவெளி மட்டும் உண்டு.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, ரப்பர் இல்லாததால் “சீல் காய்ந்துபோயிற்று” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மெயின் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினாலொழிய அந்த மரை கெடுவது அரிது. இரண்டு, இன்ஜின் நின்றிருக்கும்போது மரை வேலை செய்யாது. மூக்கு உயர்த்தி நிறுத்தினால், பள்ளத்தூர் நண்பர் சொன்னபடி, ஆயில் மெல்லக் கசியத்தான் செய்யும். மூன்றாவதுதான் முக்கியம். அந்த மயிரிழை இடைவெளி திறந்த வாசல். இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடினால், மரை உள்ளே தள்ளுவதைவிட வேகமாக அழுத்தம் ஆயிலை வெளியே தள்ளும். அப்போது நீங்கள் இன்ஜினை இறக்கி எதை மாற்றினாலும் கசிவு நிற்காது.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும், பல வண்டிகளில் அதில் தொங்கும் ஸ்பிளிட் பின்னும் உண்டு. அங்கே ஆயில் சேர்ந்து கிளட்ச் பிளேட்டை நனைக்காமல் வெளியேறுவதற்காக அமைத்தது அது. வடிவமைத்தவர்களே அங்கே ஓரளவு கசிவை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர்_பியட்

இந்த விளக்கத்தை நான் சில ஆண்டுகளுக்கு முன்பே படித்திருக்க வேண்டும். என்னுடையது வேறு வண்டி, வேறு இன்ஜின். ஆனால் கதை ஒன்றுதான். பின்பக்கக் கசிவு என்று ஒரு பட்டறையில் இன்ஜினை இறக்கி, இருபது நாள் வைத்திருந்து ஏற்றிக் கொடுத்தார்கள். மறுவாரம் அதே சொட்டு. மேலே டேப்பட் கவரின் கார்க் பேக்கிங் பின்மூலையில் வெடித்து, அங்கிருந்து இறங்கிய ஆயில்தான் அத்தனை நாளும் சொட்டியிருக்கிறது. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் மனம் வேகிறது.

கண்டுபிடித்த முறையைச் சொல்கிறேன். இன்ஜின் நன்றாக ஆறியபின், டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் பாலித்தீனால் கட்டி மூடி, பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு இன்ஜின் முழுவதையும் அடிவரை தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒரு நாள் திறந்து வைத்துக் காய விடுங்கள். மண்ணெண்ணெய் வாடை முழுவதும் போகாமல் இன்ஜினை இயக்கக்கூடாது. பிறகு எல்லா இணைப்புகளின் மேலும் முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண். அடியில் படுத்துப் பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே நுழையுங்கள். நானே செங்கல் அடுக்கி நுழைந்தவன். அதை இனி ஒருநாளும் செய்யமாட்டேன்.

கானாடுகாத்தான்_மார்க்4

இரண்டு நாள் செலவழித்துச் செய்தேன். ஆனால் கிடைத்த பதில் என்னைக் குழப்புகிறது.

நிறுத்திய நிலையில் இருபது நிமிடம் இயக்கியபோது ஒரு கோடும் இல்லை. காரைக்குடி வரை போய்த் திரும்பி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால், டேப்பட் கவரின் பின்மூலையில் ஈரம், மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள சைடு கவர்கள் இரண்டிலும் ஈரம், முன்பக்கம் டைமிங் கவரில் கப்பி சுழலும் இடத்தைச் சுற்றி ஈரம், ஹவுசிங் துளையில் சொட்டு. டிப்ஸ்டிக் குழாயின் வாயில்கூட ஆயில் பூத்திருக்கிறது. எதை ஊற்றுக்கண் என்று சொல்வது? எல்லாப் பேக்கிங்கும் ஒரே சமயத்தில் கெட்டுப்போகுமா?

புதுவயல்_அரிசிஆலை

வணக்கம். எனக்குக் கார் வேலை தெரியாது. ஆலையில் ஆயில் இன்ஜின்களைப் பார்த்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஓர் இடத்தில் கசிந்தால் அந்த இடத்தைப் பாருங்கள். எல்லா இடத்திலும் கசிந்தால் மூச்சைப் பாருங்கள். எந்த இன்ஜினிலும் எரியும் வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற வழி வைத்திருப்பார்கள். நாங்கள் அதை பிரீதர் என்போம். அந்த வழி அடைபட்டால் வாயு, பலவீனமான இணைப்பு எல்லாவற்றின் வழியாகவும் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். டிப்ஸ்டிக் வாயில் ஆயில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுவே போதும். ஐடிலில் கசியாமல் வேகத்தில் கசிவதும் அதையே சொல்கிறது.

ஆயில் ஊற்றும் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயில் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டால் கட்டி, ஐடிலில் விடுங்கள். பை மெதுவாக அசைந்தால் நல்லது; பலூன்போல் புடைத்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. ஃபேன் பெல்ட்டில் பை சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி_ஆசிரியர்

புதுவயல் ஐயா சொன்னது சரியான நோயறிதல். நான் அழுத்தத்தைப் பற்றி எழுதிவிட்டு, அதைச் சோதிக்கச் சொல்லாமல் விட்டது என் குறை. இந்த இன்ஜினில் மூச்சுவழி இரண்டு. டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று. முன் சைடு கவரிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் இரும்புக் குழாய் மற்றொன்று. இரண்டையும் பாருங்கள்.

கானாடுகாத்தான்_மார்க்4

பை ஐந்து நொடியில் புடைத்து நின்றது.

டேப்பட் கவரைப் பார்த்தேன். அந்த ரப்பர் ஹோஸே இல்லை. அது மாட்ட வேண்டிய மூக்கில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையில் போல்ட் ஒன்றைத் திணித்துக் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பட்டறையில் ஏர் கிளீனரை மாற்றினோம். புதியதில் ஹோஸ் மாட்டும் மூக்கு இல்லாததால் அடைத்திருக்க வேண்டும். கசிவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனாலும் இரண்டாவது வழி இருந்திருக்க வேண்டும் அல்லவா? கீழே இறங்கும் குழாயைக் கழற்றிக் கையில் எடுத்து, ஒரு கம்பியை நுழைத்தேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகவில்லை. தட்டினால் செம்மண் உதிர்ந்தது. உள்ளே குளவிக் கூடு. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறைகள், காய்ந்து சருகான சிலந்திகளோடு. ஆறு மாதம் அசையாமல் நின்ற வண்டியில், நிழலான, வறண்ட, விரல் பருமனுள்ள துளை அதற்கு வாய்த்துவிட்டது. வீட்டின் தேக்கு நிலைகளில் எத்தனையோ குளவிக் கூடுகளைத் தட்டியிருக்கிறோம். இங்கே ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தேவகோட்டை_பட்டறை

தம்பி, குழாயைக் கழற்றிய பிறகு கம்பி விட்டீர்களே, அதுவே நல்ல காரியம். மாட்டிய நிலையில் குத்தியிருந்தால் மண் சைடு கவருக்குள் விழுந்திருக்கும்; மண் ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும்.

இனி முன் சைடு கவரையும் கழற்றுங்கள். அதன் உட்புறத்தில் ஆயில் துளிகளைத் தடுக்கும் கம்பி வலை உண்டு. அதில் கசடு கட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வலையின் வழியே வெளிச்சம் தெரியும்வரை கழுவுங்கள். இரண்டு சைடு கவர்களுக்கும் டேப்பட் கவருக்கும் புதிய கார்க் பேக்கிங் போடுங்கள். சைடு கவரை நடுவில் ஒற்றை போல்ட்தான் பிடிக்கிறது. கசிவு பயத்தில் அதை இறுக்கினால் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கும், புதுப் பேக்கிங்கும் கசியும். விரலால் முடுக்கி, ஸ்பானரில் கொஞ்சம் மட்டும் திருப்பினால் போதும். மாட்டுவதற்கு முன் தகட்டின் ஓரத்தைக் கண்ணாடி மேல் வைத்துச் சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். 20டபிள்யூ-40 போதும், மெல்லிய நவீன ஆயில் இந்த இன்ஜினுக்கு ஆகாது. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றக்கூடாது.

காரைக்குடி_ஆசிரியர்

ஹோஸ் மாட்டும் மூக்குள்ள ஏர் கிளீனரைத் தேடிப் போடுங்கள். கிடைக்காவிட்டால், இப்போதுள்ளதன் உடலில், ஃபில்டரைத் தாண்டிய சுத்தக் காற்றுப் பக்கத்தில் ஒரு மூக்கைப் பற்றவைத்துக்கொள்ளலாம். கீழ்க்குழாயின் வாய்க்குப் பெரிய கண்ணுள்ள பித்தளை வலையைக் கட்டுங்கள். கண் சிறிதானால் ஆயில் ஆவி படிந்து அதுவே அடைத்துவிடும். துணி அடைத்து வைக்க வேண்டாம். எடுக்க மறந்தால் பழைய நிலைதான்.

எல்லாம் முடிந்தபின் பாலித்தீன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வழிகள் திறந்த பிறகும் பை புடைத்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்க வேண்டும்.

கானாடுகாத்தான்_மார்க்4

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய ஏர் கிளீனர் கொட்டகைப் பரணிலேயே கிடந்தது. உள்ளே கழுவி அதையே மாட்டி, புதிய ஹோஸ் போட்டேன். சைடு கவரின் வலையில் கறுப்புக் கசடு தார்போல் இறுகியிருந்தது. தகடு ஒன்று குழிந்திருந்ததால் தட்டிச் சமன் செய்தோம். இப்போது பை கட்டினால் லேசாக அசைகிறது, அவ்வளவே. கம்ப்ரஷனும் பார்த்தாயிற்று, நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் எனப் பல நடையாக 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டிலிருந்து இறங்கவில்லை. பவுடர் தூவிய இடங்களில் டைமிங் கவர் உட்பட எல்லாம் வெள்ளையாகவே இருக்கின்றன. ஹவுசிங் துளையில் மட்டும் ஓர் இரவுக்கு ஒரு சொட்டு விழுகிறது. கிளட்ச் வழுக்கவில்லை. இன்ஜினை இறக்கவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், பத்து நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லலாமா?

தேவகோட்டை_பட்டறை

நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லதல்ல. இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் நிறுத்தினால் உள்ளே நீராவி படிந்து ஆயிலோடு கலந்து கசடாகும். அந்த வலையை அடைத்தது அதுதான். ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் மாதம் ஒருமுறை காரைக்குடிவரை ஓட்டித் திரும்பட்டும். இல்லாவிட்டால் சும்மா நிற்கட்டும். மூக்கு உயர்த்தி நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த ஒரு சொட்டு இருக்கட்டும், தம்பி. அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். அடுத்த படைப்புக்கு வரும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு கீழ்க்குழாயின் வாயைப் பார்த்துவிட்டு, அன்றிரவு அட்டையைப் பரப்பிப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.